கூடா 11.5, ஜிசிசி 11: விஸ்பர் பில்ட் விழுகிறது, ஜிசிசியை மாற்றலாமா?

கொழுந்துக்கூடை
திங்கள், இரவு 9.12

வணக்கம். நாலு நாளாக ஒரே எரரில் நிற்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய லெப்டொப். ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 4 ஜிபி. ரேம் 8 ஜிபி. உபுண்டு 22.04, கம்பைலர் ஜிசிசி 11.4. ஜிபியூவில் புரோகிராம் ஓட்ட என்விடியா தரும் கூடா டூல்கிட்டை உபுண்டுவின் ஆப்ட் மூலமாகத்தான் போட்டேன். அதன் கம்பைலரான என்விசிசியிடம் பதிப்புக் கேட்டால் 11.5 என்கிறது. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் சிபிபியை ஜிபியூவோடு பில்ட் செய்யப் பார்க்கிறேன். பில்டைத் தயார் செய்யும் சிமேக் ஒழுங்காக முடிகிறது. பிறகு முதல் கூடா பைலுக்கு வந்ததும் விழுந்துவிடுகிறது. எரர் விஸ்பர் கோடில் இல்லை. ஜிசிசியின் சொந்த ஹெடரில், யூஎஸ்ஆர் இன்க்ளூடுக்குள் சி++ போல்டர், அதற்குள் 11, அதற்குள் எஸ்டிடி பங்ஷன் என்ற பைல், 435ஆவது வரி: 'பெரமீட்டர் பெக்குகள் மூன்று புள்ளியால் விரிக்கப்படவில்லை' என்ற கருத்தில் வருகிறது.

இன்னொரு குழப்பம். கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா எஸ்எம்ஐ கட்டளையைப் போட்டால் மேல் மூலையில் கூடா 12.2 என்று காட்டுகிறது. டிரைவர் 535. அப்படியென்றால் என் மெஷினில் ரெண்டு கூடா இருக்கிறதா? சண்டை அதனாலா?

எதற்காக என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்து டிவிஷனில் வயசானவர்களிடம் ரெண்டு வருஷமாகப் பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், நாற்பது மணி நேரத்துக்கு மேல். அப்பாயி பேசியது மட்டும் ஒன்பது மணி நேரம். பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம்) பேர் கூப்பிட்ட கதை, கவ்வாத்து (செடி வெட்டும் வேலை) மலையில் வழுக்கி விழுந்த கதை, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய தம்பி தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போன கதை. பேசியவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. எல்லாவற்றையும் எழுத்தாக்க வேண்டும். சிபியூவில் மீடியம் மொடலை ஓட்டினால் ஒரு மணி நேரப் பதிவுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் போகிறது. இங்கே பின்னேரத்தில் மின்சாரம் நிற்காமல் நாலு மணி நேரம் கிடைப்பதே பெரிய காரியம்.


நானுஓயா_ரயில்
திங்கள், இரவு 9.50

தங்கச்சி, முதலில் அந்த 12.2ஐத் தள்ளி வையுங்கள். உங்களிடம் ரெண்டு கூடா இல்லை. எஸ்எம்ஐ காட்டுவது, 'இந்த டிரைவர் அதிகபட்சம் எந்தக் கூடா வரை தாங்கும்' என்ற கணக்கு. 535 டிரைவருக்கு அது 12.2. என்விசிசி காட்டுவதுதான் உண்மையில் மெஷினில் இருக்கும் டூல்கிட். டிரைவர் மேலே, டூல்கிட் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. தலைகீழாக இருந்தால்தான் கவலை.

உங்கள் எரர் எனக்குப் பழக்கமானது. 22.04இல் ஆப்ட் தருவது கூடா 11.5, அதே 22.04 தருவது ஜிசிசி 11. ரெண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தாலும், எஸ்டிடி பங்ஷன் ஹெடரில் ஒத்துப்போகாது. 435 என்ற எண்ணைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். ஜிசிசி 10ஐப் பக்கத்தில் போட்டு, என்விசிசிக்கு அதைக் காட்டினால் சரியாகும்.


பதுளைவெயில்
திங்கள், இரவு 10.05

அக்கா, ரெண்டு நிமிஷ வேலை. ஜிசிசி 10ஐப் போட்டுவிட்டு, அப்டேட் ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையால் ஜிசிசி என்ற பெயரே 10ஐக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். அதன் பிறகு எதையும் யோசிக்கத் தேவையில்லை, எல்லாம் 10இல்தான் ஓடும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.


மஸ்கெலியா_அணைக்கட்டு
திங்கள், இரவு 10.40

தம்பி, தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள். நான் அதைச் செய்து பட்டவன், அதனால்தான் படுக்கையிலிருந்து எழுந்து எழுதுகிறேன்.

ஒரு தடவை இதே எரருக்காக ஜிசிசி என்ற பெயரை 10க்குத் திருப்பினேன். வேலை முடிந்தது. திருப்பினதையே மறந்துவிட்டேன். 2024 ஆரம்பத்தில் 22.04க்கு 6.5 கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) வந்தது. இரவு அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் திரை பெரிதாகி எழுத்தெல்லாம் வீங்கி நிற்கிறது. எஸ்எம்ஐ போட்டால் டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறது. கர்னலுக்கான டிரைவரைக் கட்டும் டிகேஎம்எஸ் லொக்கைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரிதான்: 'டிரிவியல் ஓட்டோ வார் இனிட்' என்ற ஆப்ஷன் ஜிசிசிக்குத் தெரியாதாம்.

விஷயம் இதுதான். என்விடியா டிரைவரின் ஒரு பகுதி கர்னல் மொட்யூல். டிகேஎம்எஸ் வழியாகப் போட்டிருந்தால் ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் அதை உங்கள் மெஷினிலேயே திரும்பக் கட்ட வேண்டும். கர்னலை எந்த ஆப்ஷன்களோடு கட்டினார்களோ அதே ஆப்ஷன்கள் இதற்கும் போகும். அந்த 6.5 கர்னலைக் கட்டியது ஜிசிசி 12. அந்த ஆப்ஷனே 12இல்தான் வந்தது. என் மெஷினில் ஜிசிசி என்று கூப்பிட்டால் 10 வந்து நின்றது.

நேர்மையாகச் சொன்னால், 11இல் விட்டிருந்தாலும் அந்தத் தடவை விழுந்திருக்கும். ஆனால் நான் பெயரைத் திருப்பி வைத்திருந்ததால் எங்கே தேடுவது என்றே தெரியாமல் ரெண்டு நாள் போனது. டிரைவரைக் கழற்றினேன், திரும்பப் போட்டேன், கழற்றினேன். கடைசியில் ஜிசிசி 12ஐப் போட்டு மொட்யூலை அதால் கட்டிய பிறகுதான் திரை சரியானது.

சிஸ்டத்தின் ஜிசிசி சிஸ்டத்துக்கானது. அதைத் தொடாதீர்கள். என்விசிசிக்கு மட்டும் தனியாகச் சொல்ல வழி இருக்கிறது.


பதுளைவெயில்
திங்கள், இரவு 11.02

அண்ணா, எனக்கு இது தெரியாது. இப்போதே போய்த் திருப்பிவிடுகிறேன். நன்றி.

அப்படியென்றால் 'ஆதரிக்காத கம்பைலரை அனுமதி' என்ற ஆப்ஷன் ஒன்று என்விசிசியில் இருக்கிறதே, அது போதாதா? ஜிசிசி 10ஐ டவுன்லோட் செய்யவே தேவையில்லையே.


கொழுந்துக்கூடை
செவ்வாய், காலை 6.20

தம்பி சொன்ன ஆப்ஷனைக் காலையிலேயே போட்டுப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதே 435.


ஹப்புத்தளை_மூடுபனி
செவ்வாய், காலை 8.15

மாறாது. ஏன் மாறாது என்பதை விளக்கமாகச் சொல்கிறேன். இது விளங்கிவிட்டால் அடுத்த தடவை வேறு எண்களோடு எரர் வந்தாலும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

என்விசிசி தனித்து நிற்கும் கம்பைலர் இல்லை. ஒரு கூடா பைலைக் கொடுத்தால் அதை ரெண்டாகப் பிரிக்கிறது. ஜிபியூவில் ஓட வேண்டியதைத் தானே எடுத்து பிடிஎக்ஸ் என்ற இடைமொழிக்கு மாற்றி, அதிலிருந்து கார்டுக்கான இயந்திர மொழிக்குக் கொண்டுபோகும். சிபியூவில் ஓட வேண்டிய மிச்சத்தை உங்கள் ஜி++ கையில் கொடுத்துவிடும். ஜி++தான் இங்கே ஹோஸ்ட் கம்பைலர்.

பிரிப்பதற்கு முன் முழுப் பைலையும் வாசித்து விளங்க வேண்டும் அல்லவா? அந்தப் பைல் வெக்டர், பங்ஷன், ஸ்ட்ரிங் என்று சி++ நூலக ஹெடர்களை உள்ளே இழுக்கும். அந்த ஹெடர்கள் கூடாவோடு வருபவை இல்லை, ஜிசிசியோடு வருபவை. அதாவது ஒரே ஹெடரை ரெண்டு பேர் வாசிக்கிறார்கள்: எழுதின வீட்டுக்காரரான ஜிசிசி, பிறகு வெளியாளான என்விசிசியின் முன்பகுதி. புது ஜிசிசி வரும்போது ஹெடரில் புது எழுத்துமுறை வரும். வெளியாளுக்கு அது பழக்கமில்லை என்றால் பிழையாக விளங்கிக்கொள்ளும், பில்ட் அந்த வரியில் விழுந்துவிடும். உங்கள் 435 அந்த வகை.

இதைத் தவிர்க்கத்தான் ஒவ்வொரு கூடாவுக்கும் ஒரு மேல் எல்லை வைத்திருக்கிறார்கள். ஹோஸ்ட் கொன்பிக் என்ற ஹெடருக்குள் ஒரு சின்னச் சோதனை: ஜிசிசியின் பெரிய எண் இதற்கு மேல் என்றால் 'ஆதரவில்லாத பதிப்பு' என்று சொல்லி நிறுத்து. தம்பி சொன்ன ஆப்ஷன் அந்தக் காவல்காரரை மட்டும் விலக்கி வைக்கும். உள்ளே இருக்கும் ஹெடர் அப்படியேதான் இருக்கும். அதோடு கூடா 11.5இன் பட்டியலில் ஜிசிசி 11 அனுமதிக்கப்பட்ட பதிப்பு. காவல்காரர் உங்களைத் தடுக்கவே இல்லை, ஆகவே விலக்கியும் பயனில்லை.

அந்த ஆப்ஷனைப் பற்றி இன்னொன்று. எரர் செய்தியிலேயே எச்சரிக்கை இருக்கிறது: பில்ட் விழலாம், அல்லது ஓடும்போது பிழையான விடை வரலாம். பில்ட் விழுந்தால் தெரிந்துவிடும். பிழையான விடை வந்தால் யாருக்குத் தெரியும்? அப்பாயி சொல்லாததை எழுத்தில் போட்டுவிட்டால் அதைக் கண்டுபிடிக்க ஒன்பது மணி நேரமும் திரும்பக் கேட்க வேண்டும். உங்கள் வேலைக்கு அது வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியது. சிமேக்கில் கூடா ஹோஸ்ட் கம்பைலர் என்ற மாறி இருக்கிறது. சிமேக், கூடா, ஹோஸ்ட், கம்பைலர் நாலு சொல்லும் பெரிய எழுத்தில், இடையில் அடிக்கோடு. அதற்கு ஜிசிசி 10இன் பாதையைக் கொடுங்கள். சி கம்பைலருக்கும் சி++ கம்பைலருக்கும் கூட 10ஐயே கொடுப்பது நல்லது. ஒரே ப்ரொஜெக்டில் பாதி 10, பாதி 11 என்று கட்டினால் கடைசியில் லிங்க் செய்யும் இடத்தில் புதுத் தலைவலி வரலாம். சிமேக் இல்லாத ப்ரொஜெக்ட் என்றால் என்விசிசிக்கே சிசிபின் என்ற ஆப்ஷனில் அதே பாதையைக் கொடுக்கலாம்.


கண்டி_வீதி
செவ்வாய், காலை 10.30

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு? டொக்கர் போடுங்கள், தேவையானதையெல்லாம் ஒரே பொதியாகத் தனியே ஓட்டும் டூல் அது. கூடாவும் அதற்குப் பொருந்தும் ஜிசிசியும் சேர்ந்தே வரும் இமேஜ் என்விடியாவே வெளியிடுகிறது. உங்கள் மெஷினில் டிரைவரும் கன்டெய்னர் டூல்கிட்டும் இருந்தால் போதும். நான் பேராதனையில் படித்தபோது ஆளுக்கொரு பதிப்பு கேட்பார்கள், டொக்கர் வந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.


கொழுந்துக்கூடை
செவ்வாய், மாலை 5.45

அண்ணா, நல்ல வழிதான். ஆனால் அந்த இமேஜ் பல ஜிபி. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) சிக்னல் ஒரு கோடுதான். பெரிதாக எதையாவது இறக்க வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும், அதுவும் மழை இல்லாத நாளில். இரவு நேர டேட்டாவை மிச்சம் பிடித்து வைத்திருக்கிறேன், மொடல் பைலுக்கு மட்டும் 1.5 ஜிபி போய்விட்டது. ஜிசிசி 10 நூறு எம்பிக்குள் முடிந்தது. இப்போதைக்கு இந்த வழியே போகிறேன்.

ஜிசிசி 10ஐப் போட்டு, பாதையைக் கொடுத்தேன். இப்போது எரர் மாறிவிட்டது. 'சிசி1பிளஸ் என்பதை இயக்க முடியவில்லை, அப்படி ஒரு பைல் இல்லை' என்கிறது.


நானுஓயா_ரயில்
செவ்வாய், மாலை 6.10

எரர் மாறினால் நல்ல செய்தி, ஒரு படி ஏறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஜிசிசி 10 பெக்கேஜை மட்டும் போட்டிருக்கிறீர்கள், ஜி++ 10ஐப் போடவில்லை. ஜிசிசி என்பது மேஸ்திரி மாதிரி. சி பைல் வந்தால் சிசி1 என்ற வேலையாளைக் கூப்பிடும், சி++ வந்தால் சிசி1பிளஸ் என்பவரை. ரெண்டாவது ஆள் ஜி++ பெக்கேஜோடுதான் வருவார். ஜி++ 10ஐப் போடுங்கள், ஹோஸ்ட் கம்பைலர் பாதையையும் ஜி++ 10 என்றே கொடுங்கள்.


கொழுந்துக்கூடை
செவ்வாய், இரவு 8.30

போட்டேன் அண்ணா. பாதையையும் மாற்றினேன். திரும்ப அதே பழைய 435 வந்து நிற்கிறது. மனசு விட்டுப்போச்சு.


ஹப்புத்தளை_மூடுபனி
செவ்வாய், இரவு 8.48

விடாதீர்கள். ஒன்று பாருங்கள்: எரரில் வரும் பாதை. சி++ என்ற போல்டருக்குப் பிறகு என்ன எண் இருக்கிறது, 10ஆ 11ஆ?


கொழுந்துக்கூடை
செவ்வாய், இரவு 8.55

11.


ஹப்புத்தளை_மூடுபனி
செவ்வாய், இரவு 9.20

அப்படியென்றால் என்விசிசி இன்னும் 11இன் ஹெடரைத்தான் வாசிக்கிறது. நீங்கள் சொன்னது அதன் காதில் விழவே இல்லை. நிறையப் பேர் கட்டளையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், எரரில் இருக்கும் பாதையைப் பார்க்க மாட்டார்கள். எந்தக் கம்பைலர் ஓடுகிறது என்பதை அந்த ஒரு எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

காரணம் சிமேக்கின் கேஷ். கூடா ஹோஸ்ட் கம்பைலரை சிமேக் முதல் தடவை ஓடும்போது மட்டும்தான் கேட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு பில்ட் போல்டருக்குள் இருக்கும் சிமேக் கேஷ் என்ற டெக்ஸ்ட் பைலில் எழுதி வைத்ததையே நம்பும். நீங்கள் பழைய போல்டரிலேயே திரும்ப ஓட்டியிருப்பீர்கள்.

பில்ட் போல்டரை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டுங்கள். சிமேக் ஓடி முடிந்ததும் பில்டைத் தொடங்காமல், கேஷ் பைலைத் திறந்து ஹோஸ்ட் கம்பைலர் என்று தேடுங்கள். அந்த வரியில் ஜி++ 10 இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு மேலே போங்கள். நான் வேலை செய்யும் இடத்தில் புதிதாக வருபவர்களுக்கு முதலில் பழக்குவது இதைத்தான்.


பதுளைவெயில்
செவ்வாய், இரவு 9.31

அக்கா, கொண்டா (பெக்கேஜ்களைத் தனிச் சூழலில் வைக்கும் டூல்) திறந்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள். எனக்கு ஒரு தடவை எல்லாம் கட்டி முடிந்த பிறகு, ஓட்டும்போது 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.30 இல்லை' என்று வந்தது. உபுண்டு 22.04இன் சி++ நூலகத்தில் அது இருக்கிறது. ஆனால் கொண்டா தன் பழைய நூலகத்தை முன்னால் வைத்திருந்தது.


ஹப்புத்தளை_மூடுபனி
செவ்வாய், இரவு 9.36

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. அந்த 3.4.30 ஜிசிசி 12இன் நூலகத்தோடு வந்தது. கொண்டா சூழல் திறந்திருந்தால் மூடிவிட்டு, புது டெர்மினலில் பில்ட் செய்யுங்கள்.


கொழுந்துக்கூடை
புதன், இரவு 7.50

இன்றைக்குக் கரண்ட் ஆறரைக்குத்தான் வந்தது.

போல்டரை அழித்தேன். கேஷைத் திறந்து பார்த்தேன், ஜி++ 10 என்றே இருக்கிறது. 435 போய்விட்டது! ஆனால் இப்போது என்விசிசி 'கம்ப்யூட் நேட்டிவ் என்ற ஜிபியூ ஆர்க்கிடெக்சரை ஆதரிக்கவில்லை' என்கிறது. ஒரு வழிகாட்டியில் பார்த்து, கூடா ஆர்க்கிடெக்சர்ஸ் என்ற மாறிக்கு நேட்டிவ் என்று கொடுத்திருந்தேன்.


நானுஓயா_ரயில்
புதன், இரவு 8.02

நேட்டிவ் என்ற சொல்லை சிமேக் 3.24இலிருந்துதான் விளங்கிக்கொள்ளும். 22.04இல் இருப்பது 3.22. அது அந்தச் சொல்லை ஒரு கார்டின் பெயர் என்று நினைத்து அப்படியே என்விசிசியிடம் கொடுத்துவிட்டது.

உங்கள் 1650 டூரிங் வகை, எண் 75. நேட்டிவ் என்ற இடத்தில் 75 என்று போடுங்கள். ஒரே எண்ணைக் கொடுப்பதால் பில்ட் நேரமும் குறையும், எல்லாக் கார்டுக்கும் கட்டிக்கொண்டிருக்காது. மற்றவர்களுக்காக: 1050 டிஐ, 1060 எல்லாம் 61. ஆர்டிஎக்ஸ் 3050, 3060 என்றால் 86, அதற்குக் கூடா 11.1 அல்லது மேலே வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 89, அதற்கு 11.8. உங்கள் கார்டுக்கு மேற்பட்ட எண்ணைக் கொடுத்தால் பில்ட் சந்தோஷமாக முடியும், ஓட்டும்போதுதான் 'இந்தக் கருவிக்கான கர்னல் இமேஜ் இல்லை' என்று நிற்கும் (இங்கே கர்னல் என்பது ஜிபியூவில் ஓடும் பங்ஷன்).

போல்டரை அழிக்க மறக்க வேண்டாம்.


கொழுந்துக்கூடை
புதன், இரவு 9.15

பாதி தூரம் போய் மெஷின் உறைந்துவிட்டது. மவுஸ் கூட நகரவில்லை. பிறகு 'கில்ட்' என்று ஒரு சொல்லோடு நின்றது. எரர் ஒன்றும் இல்லை.


மஸ்கெலியா_அணைக்கட்டு
புதன், இரவு 9.22

ரேம் நிறைந்துவிட்டது. எட்டு வேலையாளை ஒரே நேரத்தில் ஓட்டியிருப்பீர்கள். கூடா பைல் ஒவ்வொன்றும் நிறைய ரேம் தின்னும், 8 ஜிபிக்குத் தாங்காது. ஜே ஆப்ஷனுக்கு 2 என்று கொடுங்கள், பிரவுசரை மூடுங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும். விட்ட இடத்திலிருந்தே தொடரும், இப்போது போல்டரை அழிக்க வேண்டாம்.


கொழுந்துக்கூடை
புதன், இரவு 11.58

முடிந்தது.

ஒவ்வொரு சதவீதமாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே குளிர், லெப்டொப்பின் காற்றுப் போகும் பக்கத்தில் கையை வைத்துச் சூடு காய்ந்தேன். நூறு வந்ததும் சின்னப் பதிவொன்றைக் கொடுத்தேன். 'ஒரு கூடா கருவி கிடைத்தது, ஜிடிஎக்ஸ் 1650, திறன் 7.5' என்று முதல் வரியிலேயே வந்தது. பத்து நிமிஷப் பதிவு, நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் எழுத்தாகிவிட்டது. சிபியூவில் இதற்கு முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நின்று அழுதுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. நாளைக்கு விளக்கமாக எழுதுகிறேன்.


லிந்துலை_99
வியாழன், காலை 7.40

வாழ்த்துகள் அக்கா. குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது உபுண்டு 24.04, ஜிசிசி 13. கூடா 12.2ஐ என்விடியாவின் ரன்பைலால் (ஆப்ட் இல்லாமல் நேரே நிறுவும் பைல்) போட்டேன். '12க்கு மேற்பட்ட ஜிசிசிக்கு ஆதரவில்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறது. இதற்கும் 10ஐத்தான் போட வேண்டுமா?


ஹப்புத்தளை_மூடுபனி
வியாழன், காலை 8.30

இல்லை, உங்களுக்கு 12 போதும். இது காவல்காரர் பேசும் எரர், ஹெடர் வாசிப்பில் வந்தது இல்லை. ஜி++ 12ஐப் போட்டு, கொழுந்துக்கூடைக்குச் சொன்ன அதே மாறியில் அதன் பாதையைக் கொடுங்கள்.

அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். கூடா 10.1க்கு ஜிசிசி 8 வரை. 11.0க்கு 9. 11.1இலிருந்து 10. 11.4.1இலிருந்து 11.8 முடியும் வரை 11, ஆனால் 11.5ஐ 11ஓடு சேர்த்தால் மேலே பார்த்த 435 வரும், அங்கே 10தான் நிம்மதி. 12.0இலிருந்து 12. 12.4இலிருந்து 13. 12.8இலிருந்து 14. எல்லைக்கு ஒரு படி கீழே நிற்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

24.04இல் ஆப்ட் மூலமே கூடாவைப் போட்டிருந்தால் 12.0 வரும், ஜிசிசி 12ஐயும் அதுவே இழுத்து வந்திருக்கும். ரன்பைல் அப்படி எதையும் கொண்டுவராது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புது உபுண்டுவுக்கு மாற நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.41 உள்ள வெளியீடுகளில், உதாரணமாக டெபியன் 13இல், கொஸ்பை, சின்பை என்ற கணித பங்ஷன்களின் அறிவிப்பு பொருந்தவில்லை என்று ஒரு எரர் வரலாம். அங்கே ஜிசிசியை எத்தனை தடவை மாற்றினாலும் போகாது. அந்தப் பெயர்கள் ஜிலிப்சியின் ஹெடரிலும் புதிதாக வந்துவிட்டன, கூடாவின் ஹெடரிலும் இருக்கின்றன. அப்படியான நேரத்தில்தான் கண்டி_வீதி சொன்ன டொக்கர் உண்மையாகவே கைகொடுக்கும்.


லிந்துலை_99
வியாழன், காலை 11.05

12இல் ஒரே தடவையில் முடிந்தது. நன்றி அக்கா.


கொழுந்துக்கூடை
சனி, மாலை 4.30

சொன்னபடி விளக்கமாக எழுதுகிறேன், பிறகு தேடி வருபவர்களுக்கு உதவும்.

கடைசியில் என் மெஷினில் நிற்பது இதுதான்: உபுண்டு 22.04, 535 டிரைவர், ஆப்ட் தந்த கூடா 11.5, சிஸ்டத்தின் ஜிசிசி 11.4 தொடாமல் அப்படியே, பக்கத்தில் ஜி++ 10. சிமேக்கில் சி, சி++, கூடா ஹோஸ்ட் மூன்றுக்கும் 10, ஆர்க்கிடெக்சர் 75, ஜிபியூவைச் சேர்க்கும் ஜிஜிஎம்எல் கூடா மாறி 'ஒன்' நிலையில். ஜே 2. நேற்று ஒரு கர்னல் அப்டேட்டும் வந்தது. பயந்துகொண்டே போட்டேன், டிரைவர் அசையவில்லை. மஸ்கெலியா அண்ணா அன்றைக்கு எழுந்து எழுதியிருக்காவிட்டால் நான் தம்பி சொன்னபடி பெயரைத் திருப்பியிருப்பேன்.

எழுத்தைப் பற்றி. பொதுவான தமிழை நன்றாகவே எழுதுகிறது. எங்கள் சொற்களில்தான் தடுமாறுகிறது. 'பிரட்டு' என்றால் 'பிறகு' என்று எழுதிவிடுகிறது. 'கணக்குப்பிள்ளை'யை ரெண்டாக உடைத்து நடுவில் வேறு எதையோ வைக்கிறது. ப்ரொம்ப்ட் என்ற ஆப்ஷனில் பிரட்டு, கவ்வாத்து, கங்காணி, பேர்காசு, தொங்கல் லயம் என்று முன்கூட்டியே சொற்களைக் கொடுத்துப் பார்த்தேன், நல்ல வித்தியாசம் தெரிகிறது. ஆனால் 224 டோக்கன்தான் (மொடல் எழுத்தை உடைக்கும் சின்னத் துண்டுகள்) இடம், தமிழ் எழுத்து டோக்கனை நிறைய எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் அதில் வரும் சொற்களைப் பார்த்துப் பொறுக்கிக் கொடுக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அப்பாயியின் முதல் பதிவை அச்செடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரெண்டாவது பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். 'கொந்தளிப்பு வேலைக்குப் போனோம்' என்று எழுதியிருந்தது. "நான் அப்படிச் சொல்லல்ல பிள்ளை, அது கொந்தரப்பு" என்றார், அதாவது கொன்ட்ரக்ட் வேலை. பேனாவை வாங்கிச் சரியான இடத்தைக் கேட்டு, அவரே வெட்டிவிட்டார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், அதனால் மேலே நான் எழுதினேன்.

கொந்தரப்பையும் ப்ரொம்ப்டில் சேர்த்துவிட்டேன். இப்போது மூன்றாவது பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.


மஸ்கெலியா_அணைக்கட்டு
சனி, மாலை 5.10

என் அம்மாவும் கொந்தரப்பு என்றுதான் சொல்லுவார். தங்கச்சி, அந்தச் சொற்பட்டியலை இங்கே போடுங்கள். என்னிடமும் ஆறேழு கெசட் இருக்கிறது, 1990களில் அப்பா பதிவு செய்தது. இன்றைக்கு இரவே ஜி++ 10ஐப் போடுகிறேன்.